மணிமங்கலத்தில் ஒரு தண்ணியில்லாத படகு

மணிமங்கலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர் என்றால் போர்க்களம். ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் என்றால் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல். ரியல் எஸ்டேட் விளம்பரம் மட்டும் படிப்பவர் என்றால், 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்' (எந்த வாகனத்தில் என்று மட்டும் போட மாட்டார்கள். ஹெலிகாப்டராக இருக்கலாம்).

நான் போனது வேறு காரியமாக. அடையாறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க.

ஆமாம், சென்னையில் பாலத்தின் மேல் பஸ் போகும்போது நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோமே, அதே அடையாறுதான். அதற்கும் பிறந்த வீடு உண்டு. தாம்பரத்துக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தள்ளி, மணிமங்கலத்தை ஒட்டிய ஏரிகளில்தான் அது கண் விழிக்கிறது. புத்தகங்களில் மலைப்பட்டு ஏரி என்று போட்டிருக்கும். அங்கிருந்து சின்னச் சின்ன ஓடைகளாக நகர்ந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வந்து சேர்ந்த பிறகுதான் 'நான் ஆறு' என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் வருகிறது. மொத்தமே 42 கி.மீ. சொச்சம். காவிரி கேட்டால் சிரிக்கும்.

சிரிக்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் போகும்போது, பக்கத்து சீட் பெரியவர் வீடுகளின் சுவரைக் காட்டி, "தண்ணி இதுவரைக்கும் வந்தது தம்பி" என்கிறார். 2015 டிசம்பரைச் சொல்கிறார். அவர் கை காட்டிய இடம் முதல் மாடி ஜன்னல். வருஷம் முழுக்க ஓடையாக இருந்துவிட்டு ஒரே ராத்திரியில் ஊரை அடித்துக்கொண்டு போன ஆறு அது.

மணிமங்கலத்தில் இறங்கி, முதலில் கண்ணில் பட்ட டீக்கடையில் கேட்டேன். "அண்ணே, அடையாறு இங்கேருந்துதான் ஆரம்பிக்குதாமே?"

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடையாறு அடையாறுல இல்ல சார் இருக்கு? நீங்க தப்பான பஸ் ஏறிட்டீங்க."

ஊர் பெரிதாகிவிட்டது. ஒரு பக்கம் மனைப் பிரிவுகளின் கொடிகள், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், நடுவில் அமைதியாக ராஜகோபாலப் பெருமாள் கோயில். கோயில் சுவர் முழுக்கச் சோழர் கல்வெட்டுகள். எந்தப் போரில் யாரை எப்படி விரட்டினோம் என்று ராஜாக்கள் விவரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முந்தைய போர் பல்லவர்களுடையது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று இடங்களில் முறியடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. அதன் பிறகுதான் வாதாபி படையெடுப்பு. மாமல்லபுரம் இவன் பெயரில்தான் இருக்கிறது. போர் நடந்த மணிமங்கலத்திலோ ஒரு சிலைகூட என் கண்ணில் படவில்லை. ஒரு பேக்கரி பட்டது.

ஏரிக்கரையில் ஏறி நின்றேன். பரந்த தண்ணீர், கொக்குகள், தூரத்தில் ஒரு தொழிற்சாலைக் கூரை. இதே தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற இடத்துக்குச் சற்று முன்னால், ஆற்றின் கரையில் 'மெட்ராஸ் போட் கிளப்' இருக்கிறது. 1867ல் தொடங்கிய கிளப். 1898லிருந்து கொழும்புக்காரர்களோடு துடுப்புப் படகுப் பந்தயம் விடுகிறார்கள். அதற்கு 'தீபம் கோப்பை' என்று அழகான பெயர். துரைமார்கள் வெள்ளைப் பனியனோடு துடுப்புப் போட்ட அந்த ஆற்றின் தலைமாட்டில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். இப்போது இங்கிருந்து வடக்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செட்டிப்பேட்டில் ராமச்சந்திரா நிறுவனத்தாரின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. துடுப்புப் பந்தயங்கள் அங்கேயும் நடக்கின்றன. பந்தயப் படகு, கிளப்பை விட்டுக் கார் தொழிற்சாலைகள் இருக்கிற பக்கமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் டீக்கடைக்காரரிடம் திரும்பி வந்து விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த யூனிஃபார்ம் இளைஞர் தலையை நிமிர்த்தினார்.

"நான் போட் ஓட்டியிருக்கேன் சார். யுனிவர்சிட்டிக்கு."

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செகண்ட் ஷிஃப்ட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எனக்கும் வேறு வேலை இல்லை.

"நீங்க தண்ணியில ஓட்டுறதைத்தான் பேசறீங்க சார். எங்களைத் தேர்ந்தெடுக்கிறது தண்ணியில ஆரம்பிக்கிறதில்ல. தண்ணியில்லாத படகுலதான்."

('தண்ணி' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்த ஆபீஸ் நண்பர்கள் மீண்டும் சாய்ந்துகொள்ளலாம். விஷயம் அது இல்லை.)

அவர் சொன்னது ரோயிங் மெஷின். வீரர்கள் செல்லமாக 'எர்கோ' என்கிறார்கள். இந்தச் செல்லப் பெயருக்கு உரிய பொருளைப் பார்க்க, தெரிந்தவர் நடத்தும் ஒரு ஜிம்முக்கு பைக்கில் அழைத்துப் போனார். மூலையில், மேலே துண்டு காயப்போட்ட நிலையில் அது இருந்தது. நீளமாக ஒரு தண்டவாளம். அதன் மேல் ஓடுகிற சின்ன சீட். முன்னால் கூண்டுக்குள் ஒரு காற்றாடிச் சக்கரம். சங்கிலியில் கோத்த ஒரு கைப்பிடி. காலைப் பட்டையில் மாட்டி, முழங்காலை மடக்கி முன்னே போய், கைப்பிடியைப் பிடித்து, காலால் உதைத்து, முதுகைச் சாய்த்து, கடைசியில் கையால் இழுக்க வேண்டும். வரிசை முக்கியம். கால், முதுகு, கை. நம்மைப் போன்றவர்கள் கையால் ஆரம்பிப்போம். அது அம்மிக்கல்லைச் சுண்டு விரலால் நகர்த்துகிற மாதிரி.

இதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் வெர்மான்ட்டைச் சேர்ந்த ட்ரெய்ஸிக்காக்கர் சகோதரர்கள் (பெயரை உச்சரிப்பதே ஒரு வார்ம்-அப்). 1976ல் துடுப்பு செய்து விற்க ஆரம்பித்தவர்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் படகுக்காரன் என்ன செய்வான்? 1981ல் ஒரு சைக்கிள் சக்கரத்தில் பிளாஸ்டிக் இறக்கைகளை மாட்டி, இந்த மெஷினின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 'கான்செப்ட் டூ' என்ற பெயரில் அது உலகம் பூராவும் பரவி, இன்றைக்கு எந்த நாட்டுத் துடுப்புக் குழுவும் இதில் உட்காராமல் ஆள் எடுப்பதில்லை என்கிற நிலை.

அதற்கு முன்னும் துடுப்பு வீரனை விஞ்ஞானிகள் சும்மா விட்டதில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய யேல் பல்கலைக்கழகக் குழுவைப் பிடித்து வைத்து, மனிதனால் அதிகபட்சம் எவ்வளவு சக்தி தர முடியும் என்று ஹெண்டர்சன், ஹாகார்ட் என்ற இருவர் ஆராய்ந்து 1925ல் கட்டுரை போட்டார்கள். அந்தக் குழுவில் துடுப்புப் போட்ட ஒரு நெடிய மாணவர்தான் பின்னாளில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஸ்பாக்.

ஏன் துடுப்பு வீரனையே பிடிக்கிறார்கள்? உடம்பில் ஏறக்குறைய எல்லாப் பெரிய தசைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற விளையாட்டு இது. ஓடுகிறவனுக்குக் கை சும்மா கூட வருகிறது. சைக்கிள்காரனுக்கு முதுகு ஓய்வெடுக்கிறது. இங்கே யாருக்கும் லீவு கிடையாது.

ஜிம்மில் இரண்டு பையன்கள் மெஷினில் இருந்த லீவரைப் பத்தில் வைத்து, சத்தம் வர இழுத்துக்கொண்டிருந்தார்கள். நம் இளைஞர் சிரித்தார். "எல்லாரும் பத்துதான் கஷ்டம்னு நினைக்கிறாங்க சார். அது கஷ்டத்துக்கான பட்டன் இல்ல. சைக்கிள் கியர் மாதிரி. பெரிய பசங்களே மூணு, நாலு, அஞ்சுலதான் வைப்பாங்க."

விஷயம் இதுதான். லீவர், கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் ஒரு இழுப்பு முடித்து அடுத்ததுக்கு முன்னே போகிற அந்த ஒரு விநாடியில், சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று மெஷின் அளந்துகொள்கிறது. தூசி அடைத்திருந்தாலும், ஊட்டி மாதிரி காற்று லேசான இடமாக இருந்தாலும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் மார்க் போடுகிறது. இழுப்புக்கு இழுப்பு தன்னையே பரிசோதித்துக்கொள்கிற பரிசோதகர்! நம் பரீட்சை பேப்பர் திருத்துகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

"நீங்க ஒரு ரவுண்டு போங்க சார்" என்று லீவரை நாலில் வைத்தார்.

போனேன். சின்னத் திரையில் '500 மீட்டருக்கு எவ்வளவு நேரம்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு 2 நிமிடம் 40 விநாடி. பக்கத்தில் வாட் கணக்கும் வரும். 85 வாட். அதாவது, ஒரு தமிழ் எழுத்தாளன் முழு மூச்சோடு உழைத்தால் ஒரு பழைய சீலிங் ஃபேன் ஓடும். ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் டியூப் லைட்டும் எரியலாம்.

இந்தக் கணக்கில்தான் மெஷினின் கொடூரம் ஒளிந்திருக்கிறது. காற்றின் எதிர்ப்பு, வேகத்தோடு சேர்ந்து நேர்கோட்டில் ஏறாது. தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். 2,000 மீட்டரை 8 நிமிடத்தில் முடிக்க ஏறத்தாழ 203 வாட் போதும். அதையே 7 நிமிடத்தில் முடிக்க 302 வாட். 6 நிமிடம் என்றால் 480 வாட். நேரத்தில் கால் பங்கைக் குறைக்க, சக்தி இரண்டேகால் மடங்குக்கு மேல் வேண்டும். 2018ல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்ளி-ஸ்மித் 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்து உலக சாதனை வைத்தார். அது சராசரியாக 590 வாட்டுக்குக் குறையாது. ஏழு ஃபேன்! ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துக்கே காணும்.

சோதனை இரண்டு விதம் என்றார் இளைஞர். முதலாவது படிப்படியான சோதனை. மார்பில் இதயத் துடிப்பைப் பார்க்கும் பட்டை. முகத்தில் மூச்சை அளக்கிற முகமூடி. நாலு நிமிடம் மெதுவாக இழுக்க வேண்டும். அரை நிமிடம் நிறுத்தம். அதற்குள் காது மடலைத் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். மறுபடி நாலு நிமிடம், கொஞ்சம் வேகமாக. மறுபடி குத்து. இப்படி ஐந்தாறு தடவை.

"வலிக்காதா தம்பி?"

"குத்தறது தெரியாது சார். வியர்வையைத் துடைக்காம எடுத்துட்டா கணக்கு தப்பாப் போயிடும்னு அந்த நர்ஸக்கா காதைத் தேய்ப்பாங்க பாருங்க, அதுதான் வலிக்கும்."

வியர்வையிலும் லாக்டேட் உண்டு. ரத்தத்தில் கலந்தால் அளவு ஏறிவிடும். அவர்கள் தேடுவது அந்த லாக்டேட்டைத்தான். இதைப் புரிந்துகொள்ள, மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது.

தசைக்குச் செலவழிக்க மூன்று வழியில் பணம் வருகிறது. முதலாவது பாக்கெட்டில் இருக்கிற சில்லறை. பத்து விநாடியில் தீர்ந்துவிடும். இரண்டாவது, ஆக்ஸிஜன் வழியாக வருகிற ஒழுங்கான சம்பளம். நிதானமாக வரும், நம்பலாம், ஆனால் ஒரு உச்சவரம்பு உண்டு. மூன்றாவது கைமாற்று. ஆக்ஸிஜன் போதாதபோது அவசரத்துக்கு வாங்குவது. உடனே கிடைக்கும், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போகும். ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று பார்ப்பது, இந்த ஆள் எவ்வளவு கைமாற்று வாங்கியிருக்கிறான் என்று எட்டிப் பார்ப்பது.

சும்மா இருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 1 மில்லிமோல். மெதுவாக இழுத்தால் அப்படியே இருக்கும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் கோடு சட்டென்று நிமிர்ந்து பனைமரமாகிவிடும். 4 மில்லிமோல் பக்கத்தில் அந்தத் திருப்பம் இருக்கும் என்பது பயிற்சியாளர்களின் உத்தேசக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். கடுமையான பந்தயம் முடிந்தவனின் ரத்தத்தில் 15க்கு மேலும் போகும். (மறுநாள் உடம்பு வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்று ஜிம் மாஸ்டர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அது ஒரு மணி நேரம் சொச்சத்தில் வடிந்துவிடும். அதையே உடம்பு எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கிறது. வலி, தசையில் ஏற்படுகிற நுண்ணிய காயங்களால்.)

முகமூடி அளப்பது சம்பளத்தின் உச்சவரம்பை. சும்மா உட்கார்ந்திருக்கிற 70 கிலோ ஆபீஸ்காரர் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்ஸிஜன் செலவழிக்கிறார். மாடிப்படியில் அவரை மூச்சு முட்ட ஓடவிட்டால் இரண்டரை லிட்டர் வரலாம். உலகத்தர ஆண் துடுப்பு வீரன் 6 லிட்டருக்கு மேல் குடிக்கிறான். நம் நாட்டில் நல்ல விளையாட்டு அறிவியல் மையங்களில், சென்னையில் போரூர் ராமச்சந்திராவில் இருப்பதைப் போன்ற இடங்களில், இந்த மாதிரி சோதனைகளுக்கு வசதி உண்டு.

"இந்தச் சோதனைக்கு யாரும் பயப்பட மாட்டாங்க சார். இதுல பாஸ், ஃபெயில் இல்ல. எந்த வேகத்துல பயிற்சி செய்யணும்னு சொல்லும், அவ்வளவுதான். பயம் எல்லாம் டூ-கே டெஸ்ட்டுக்குத்தான்."

இரண்டாவது சோதனை அதுதான். 2,000 மீட்டர். எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ முடி. முகமூடி இல்லை, ஊசி இல்லை, விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரே ஒரு நம்பர்.

"எப்படி இருக்கும்?"

"முதல் ஐந்நூறு மீட்டர் சம்பள நாள் சார். உலகமே நம்மதுன்னு தோணும். ரெண்டாவது ஐந்நூறு பரவாயில்ல. மூணாவது ஐந்நூறு இருக்கு பாருங்க..."

"இருபதாம் தேதி."

"கரெக்ட்! கையில ஒண்ணும் இருக்காது. முதல் தேதியும் கண்ணுக்குத் தெரியாது. அங்கதான் ஆள் யாருன்னு தெரியும். கடைசி ஐந்நூறு, எங்கேருந்து வருதுன்னே தெரியாது, இழுத்துடுவோம். முடிஞ்சதும் மெஷின்லேருந்து இறங்க மாட்டோம். விழுவோம்."

பந்தயத்துக்குத் தேவையான சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்ஸிஜன் வழியாகத்தான் வருகிறது. மீதிக் கால் பங்கு கைமாற்று. அந்தக் கால் பங்கை எந்த நேரத்தில் வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். முதலிலேயே வாங்கிச் செலவழித்தவன் மூன்றாவது ஐந்நூறில் திவால்.

"உங்க நேரம் என்ன தம்பி?"

சொன்னார். எனக்கு நல்ல நேரமாகவே பட்டது. "டீம் செலக்ஷன்ல கட்-ஆஃபுக்கு மூணு செகண்ட் அதிகம் சார். மூணே மூணு. அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் ஐ.டி.ஐ. அண்ணன் ஒருத்தர் சொல்லி இந்தக் கம்பெனி."

கம்பெனியிலும் ஒரு 'மெடிக்கல்' இருந்திருக்கிறது. உயரம், எடை, கண், காது, மார்பு எக்ஸ்ரே. "அதுல எல்லாம் ஓக்கே சார். 'ஸ்போர்ட்ஸ்மேனா?'ன்னு டாக்டர் கேட்டாரு. ரெஸ்ட்ல பல்ஸ் 52 இருந்தது."

கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தார்.

"மெஷின் மேல கோபப்பட முடியாது சார். அதுக்கு எங்க அப்பா யாருன்னு தெரியாது. நான் இங்கிலீஷ் பேசுவேனான்னு கேட்கலை. யாரு லெட்டர் கொடுத்தாங்கன்னு பார்க்கலை. என் வாழ்க்கையில எனக்கு வச்ச பரீட்சையிலேயே நேர்மையான பரீட்சை அதுதான். அதுலதான் நான் ஃபெயில்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி, இந்தியத் துடுப்புப் படகின் சரித்திரமே சொல்கிற சமாசாரம். நமக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர்கள் ஆற்றங்கரைக் கிளப்பில் பிறந்தவர்கள் இல்லை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் துடுப்புப் போட்டியில் முதல் தங்கத்தை வாங்கிய பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தான்காரர். மணல் தேசம்! ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13வதாக வந்த தத்து போகனல், மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் வறட்சிப் பிரதேசத்துக்காரர். கிணறு வெட்டும் வேலை செய்தவர். ஊரில் தண்ணீரைத் தேடித் தோண்டியவர், 2012ல் ராணுவத்தில் சேர்ந்து, நான்கே வருஷத்தில் ஒலிம்பிக் தண்ணீரில். உயரமான, உழைத்துப் பழகிய உடம்பை ராணுவம் பார்க்கிறது; மெஷினில் உட்கார வைக்கிறது; நம்பர் வந்ததும் தண்ணீருக்கு அனுப்புகிறது. 2018 பாலெம்பாங் ஆசிய விளையாட்டில் போகனலும் ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரும் நால்வர் படகில் தங்கம் வாங்கினார்கள். அதே நாள் காலை எடை குறைந்தோர் பிரிவில் துஷ்யந்த் சௌஹான் வெண்கலம் வாங்கிவிட்டு ஸ்ட்ரெச்சரில் போனார். கைமாற்றை வட்டியோடு வசூலித்துவிட்டது உடம்பு.

அந்த 'எடை குறைந்தோர் பிரிவு' என்பதில்தான் இப்போது ஒரு சிக்கல்.

மெஷின் நேர்மையானதுதான். ஆனால் உடம்பு விஷயத்தில் உலகம் நேர்மையாக இல்லை. நெடுங்கையும் நெடுங்காலும் இருப்பவனுக்கு ஒரே இழுப்பில் அதிக தூரம். உலகத்தர வீரர்கள் ஆறேகால் அடிக்கு நெடுநெடுவென்று இருப்பார்கள். நம் இளைஞர் ஐந்தடி எட்டங்குலம். இப்படிப்பட்டவர்களுக்காகவே ஆண்களில் 72.5 கிலோவுக்கு மேற்படாதவர்கள் என்று ஒரு பிரிவு வைத்து, 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கிலும் நடத்தினார்கள். துடுப்பில் ஒலிம்பிக்கில் நாம் செய்ததில் சிறப்பானது, டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அர்விந்த் சிங்கும் 11வதாக வந்தது. அதுவும் இந்தப் பிரிவில்தான். 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலீஸில் கிடையாது. பந்தய தூரமும் அங்கே 2,000 மீட்டர் இல்லை, 1,500தான்.

"தெரியும் சார்" என்றார். "சின்ன ஆளுங்களுக்குக் கதவைச் சாத்திட்டாங்க."

ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. எடுத்த பிரிவுக்குப் பதிலாக 2028ல் கடலில் ஒரு போட்டி வருகிறது. 'பீச் ஸ்பிரிண்ட்' என்று பெயர். மணலில் ஓடி, அலையில் நிற்கிற படகில் குதித்து ஏறி, 250 மீட்டர் வளைந்து வளைந்து போய், திரும்பி, 250 மீட்டர் நேராக வந்து, குதித்து, மறுபடி மணலில் ஓட வேண்டும். இதற்கும் நெட்டையன், பலசாலி வேண்டும்தான். ஆனால் எர்கோ அளக்காத சங்கதிகள் இதில் நிறைய. அலை எப்போது உடையும், படகு எந்தப் பக்கம் சாயும், எந்த நிமிடத்தில் குதிப்பது. எந்த மெஷினிலும் இதற்கு டிஸ்ப்ளே கிடையாது. துடுப்பு உலகத்திலேயே அடிக்கடி சொல்வார்கள்: மெஷின் மிதக்காது! மெஷினில் நல்ல நம்பர் எடுத்துவிட்டுப் படகைக் கவிழ்க்கிறவர்களும் உண்டு. சுமாரான நம்பரோடு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் நம்முடையது. கட்டுமரம் என்ற சொல்லை இங்கிலீஷ்காரனுக்கே கடன் கொடுத்தவர்கள். அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் ஊரூர் குப்பத்துப் பையன்கள் காலையில் அலையில் படகைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்களா? யாராவது அவர்களை ஒரு தடவை எர்கோவில் உட்கார வைத்து, ஒரு தடவை காது மடலைக் குத்திப் பார்த்தால் தேவலை. மணிமங்கலம் ஏரியில் கிளம்பிய சொட்டு, கடைசியில் அங்கேதானே போய்ச் சேருகிறது.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இளைஞர் கைக்குட்டையால் மெஷின் கைப்பிடியைத் துடைத்து வைத்தார். துண்டை மறுபடி அதன் மேல் போட்டார்.

"இப்பவும் இழுக்கறீங்களா?"

"நைட் ஷிஃப்ட் இல்லாத வாரம். போன மாசம் என் பழைய நேரத்தைவிட ரெண்டு செகண்ட் குறைச்சேன் சார்" என்றபடி பஸ்ஸுக்கு ஓடினார். "இன்னும் ஒண்ணுதான்!"